நடாமல் வளர்ந்த சோலை

மரங்கள் கூடி நிற்கும் இடத்துக்குத் தமிழிற் பெயர் ஒன்றன்று. தோப்பு, சோலை, பொழில், கா, கானம், காடு எனப் பல சொற்கள் உள. நிகண்டைப் புரட்டுவோர் இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கொள்ளக்கூடும். ஊர் வழக்கு அப்படிக் கொள்வதில்லை. தென்னந்தோப்பு என்கிறோம், அதனை நட்டவர் ஒருவர் உண்டு, நீர் வார்த்தவர் ஒருவர் உண்டு, காய் பறிக்கும் உரிமையுடையவரும் உண்டு. யாழ்ப்பாணத்திலே பனங்கூடல் என்கிறோம். விழுந்த கொட்டை விழுந்த இடத்திலேயே முளைத்து, பனைகள் தாமே வந்து கூடி நிற்பதற்கு அந்தப் பெயர் மிகப் பொருந்துகிறது. காடு என்றாலோ அதற்கு நட்டவர் என்று ஒருவருமே இல்லை. நட்டது வேறு, முளைத்தது வேறு என்ற அறிவு நம் பேச்சு வழக்கிலேயே இருந்து வந்திருக்கிறது.

அந்த அறிவு இன்று நம் பாடசாலைகளிலும் பொது மேடைகளிலும் மங்கி வருகிறது என்பதே என் முறைப்பாடு. மரங்களுக்கு மனிதன் செய்யக்கூடிய நன்மை ஒன்றே ஒன்று, அது கன்று நடுவது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். நடுவது தீதென்று நான் சொல்ல வரவில்லை. நடாமலே செய்யக்கூடிய பெரும் பணி ஒன்று உண்டென்பதும், அதனை நாம் மறந்தே போனோம் என்பதுமே நான் சொல்ல விரும்புவன. இதனைக் கண்கூடாகக் காட்டும் சிறு சோலை ஒன்று தம்புள்ளைக்கு அருகே இருக்கிறது. அதனைப் பற்றிச் சொல்லுமுன், நம்மிடையே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சடங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

1972ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டின் நினைவாக, யூன் மாதம் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினமாகக் கொள்ளப்படுகிறது. அன்று நம் பாடசாலைகளிற் பலவற்றிலே மரநடுகை விழா நடைபெறும். குழி முதல்நாளே வெட்டப்பட்டிருக்கும். பிரதம விருந்தினர் கன்றை வாங்கிக் குழியில் வைப்பார், அதிபர் ஒரு கைப்பிடி மண் இடுவார், மாணவத் தலைவன் வாளியில் நீர் கொண்டு வருவான், புகைப்படம் எடுக்கப்படும். எல்லாம் நல்ல மனத்தோடு செய்யப்படுவனவே. ஆனால் அந்த நாள் எந்த நாள்? தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மழையைப் பொழிந்துவிட்டு, மலைநாட்டைக் கடந்து இப்பாற் புறம் வரும்போது ஈரம் வற்றிய வெறுங்காற்றாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தார் அதனைச் சோளகம் என்பர். மட்டக்களப்பார் கச்சான் என்பர். வரண்ட வலயத்திற் புல்லும் கருகத் தொடங்கும் அந்தக் காலத்திலே, இளங்கன்றைக் கொண்டுபோய் வெட்டவெளியில் நிறுத்துகிறோம். பின்னர் ஆவணியில் ஓய்வுவிடுமுறை வருகிறது. நீர் வார்க்கப் பிள்ளைகள் இல்லை. புரட்டாதியில் அந்தக் குழியருகே பெயர்ப்பலகை மட்டும் நிற்பதை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்!

நம் பகுதியின் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. காட்டு விதைகள் அம்மழைக்கே காத்திருந்து முளைக்கின்றன. அவை நாட்காட்டியிலுள்ள விழா நாளைப் பார்ப்பதில்லை.

அண்மையில் எங்கள் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு கல்விச் சுற்றுலா ஒன்றிற் சென்றிருந்தேன். சீகிரியாவையும் தம்புள்ளைக் குகைக் கோயிலையும் காண்பதே பயணத்தின் நோக்கம். முன்னையது 1982இலும் பின்னையது 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தவை. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். அவற்றுக்கிடையே ஒரு பிற்பகலை வேறோரிடத்துக்கென ஒதுக்கி வைத்திருந்தேன். தம்புள்ளையிலிருந்து கண்டலமைக்குச் செல்லும் வீதியிற் சில கிலோமீற்றர் சென்றால், பொப்பம் ஆபொரீற்றம் என்னும் இடம் வரும். அதனை மரச்சோலை என்று தமிழிற் சொல்லலாம். கண்டியிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் பராமரிப்பில் இருப்பது அது. பரப்பு ஏறத்தாழ 36 ஏக்கர். வன்னிக் காடுகளைக் கண்ட கண்ணுக்கு அது ஒரு கைக்குட்டை அளவுதான்.

வீதியிலே வெயில் தகித்தது. இருமருங்கும் கடைகளும் விடுதிகளும் மரக்கறி ஏற்றிய பாரவண்டிகளுமாக இருந்தன. வாயிலைக் கடந்து சிறிது தூரம் நடந்ததும் ஒலி முதலில் மாறிற்று. பின்னர் வெம்மை மாறிற்று. ஊசியிலை மரம் ஒன்றேனும் இல்லாத, முற்றிலும் அகன்ற இலை மரங்களால் அமைந்த சோலை அது. ஆயினும் இலைகள் ஈரவலயக் காட்டு இலைகளைப்போலப் பெரியனவல்ல. சிறியவை, தடித்தவை, தோல்போலப் பளபளப்பானவை. ஆண்டிற் பல மாதம் மழை காணாத நிலத்தில் நீரைக் காத்துக்கொள்ள மரம் கண்ட வழி அது. வரட்சியிலும் பெரும்பான்மையான மரங்கள் பசுமை மாறாமல் நிற்பது நம் நாட்டு வரண்ட வலயக் காட்டின் தனிச்சிறப்பு. ஒற்றையடிப் பாதைகள் பல திசைகளிற் பிரிந்து சென்றன. உதிர்ந்த இலைகளின் மேல் நடந்தபோது மண் காலுக்கு மெத்தென்றிருந்தது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் மாணவன் ஒருவன் கேட்டான்:

"சேர், இவ்வளவு மரத்தையும் நட்டது ஆர்?"

"ஒருவருமில்லைத் தம்பி. வளர விட்டவர்தான் ஒருவர் இருந்தார்," என்றேன்.

அவன் நம்பவில்லை. நம்பாமை இயல்பே. மரம் என்றால் நடுவது என்று பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் படித்தவன் அவன். ஆகவே அந்தச் சோலையின் கதையை அங்கேயே அவர்களுக்குச் சொன்னேன். வாசகருக்கும் அதனைச் சொல்கிறேன்.

சாம் பொப்பம் என்பவர் ஓர் ஆங்கிலேயர். இந்நாட்டிலே தேயிலைத் தோட்டத் துரையாக இருந்தவர். 1963ஆம் ஆண்டில் இவ்விடத்திலே சில ஏக்கர் நிலத்தை வாங்கினார். அது அப்போது சோலையன்று. சேனை வெட்டிக் கைவிடப்பட்ட, முட்புதர் மண்டிய நிலம். வரண்ட வலயத்து மரங்களுக்கென ஒரு சோலை அமைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நாற்றுகளை வளர்த்து வரிசையாக நடுவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அத்தகைய நடுகைகள் வரட்சியிற் கைகொடுக்காமற் போவதைக் கண்ட பொப்பம், புதருக்குள்ளேயே குனிந்து பார்த்தார். அங்கே, முட்களுக்கிடையில், காட்டு மரங்களின் இளங்கன்றுகள் ஏற்கெனவே நின்றன. ஒருவரும் நடாதவை, ஒருவரும் நீர் வார்க்காதவை, அந்த மண்ணையும் அந்த வெயிலையும் ஏற்றுக்கொண்டு முளைத்தவை. அவற்றுக்கு வேண்டியிருந்தவை வெளிச்சமும் இடமுமே.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். சேனைக்காரர் காட்டை வெட்டும்போது மரத்தை வேரோடு பெயர்ப்பதில்லை. முழங்கால் அளவிற் கட்டையை விட்டு வெட்டுவார், பின்னர் எரிப்பார், ஓரிரு போகம் குரக்கனோ சோளமோ விதைப்பார், நிலம் இளைத்ததும் வேறிடம் செல்வார். மண்ணுக்குள்ளே வேர் உயிரோடிருக்கும். மழை வந்ததும் கட்டையிலிருந்து தளிர் விடும். அயலிலுள்ள காட்டிலிருந்து பறவைகளும் வௌவால்களும் விதை கொண்டுவரும். முன்னோர் பல ஆண்டு இடைவெளிவிட்டே அதே நிலத்துக்குத் திரும்பியமையாற் காடும் மீண்டது, குரக்கனும் விளைந்தது. நிலம் சுருங்கி, இடைவெளி குறுகி, அடிக்கடி தீ மூட்டப்பட்டபோது அந்த ஒழுங்கு குலைந்தது. மரத்தை முந்திக்கொண்டு இலுக்கும் கினியாப்புல்லும் முட்செடியும் எழுந்தன.

அம்முட்செடிகளில் ஒன்று உண்ணி. செம்மஞ்சட் பூவும் கரிய சிறு பழமும் உடைய அச்செடியை அறியாதவர் நம்மிடையே இல்லை. ஆயினும் அது நம் நாட்டுச் செடியன்று. 1826ஆம் ஆண்டிற் பேராதனை அரச பூங்காவின் வழியாக, பூவின் அழகுக்கென இங்கு கொண்டுவரப்பட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை நாடெங்கும் பரப்பின. அது முற்றாகக் கவிந்த இடத்திலே, கீழே முளைத்த பாலைக்கன்று வெளிச்சமின்றி ஏங்கி நிற்கும். சாகாது, வளரவும் மாட்டாது.

பொப்பம் செய்தது இதுதான்: அந்தப் புதரை வெட்டி விலக்கினார். மரக்கன்று எது, களை எது என்று பார்த்துப் பார்த்து வெட்டச் செய்தார். கொடி சுற்றியதை அவிழ்த்துவிட்டார். கன்று மேலெழுந்து தலைவிரிக்கும் வரை புதர் மீண்டும் கவியாமற் பார்த்துக்கொண்டார். மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு நிழல் விழுந்ததும், களைவெட்டும் வேலை தானே குறைந்துவிட்டது; புல்லும் உண்ணியும் வெயிலில் வாழ்வன, நிழலிலே வலியிழப்பன. இவ்வளவே அவருடைய முறை. இன்று அதனை அவர் பெயராலேயே அழைக்கின்றனர். பின்னர் நிலப்பரப்பும் விரிந்தது. 1980களின் இறுதியில் அவர் இச்சோலையை மேற்சொன்ன ஆய்வு நிறுவகத்திடம் ஒப்படைத்தார்.

இந்த முறையிலே வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். வியப்பு அதன் எளிமையிலேயே இருக்கிறது. நடுகிறவர் வெற்றிடத்தைப் பார்க்கிறார். இவரோ, பிறர் வெற்றிடம் என்று கண்ட இடத்திலே ஏற்கெனவே இருந்ததைப் பார்த்தார். கன்றை அடையாளம் காணத் தெரியாதவன் கையிற் கத்தியைக் கொடுத்தால், களையோடு காட்டையும் சேர்த்து வெட்டிவிடுவான். ஆகவே இது உடலுழைப்பு மட்டுமன்று. அறிவும் வேண்டிய வேலை. பாலையின் இளந்தளிர் எது, வீரையின் இளந்தளிர் எது என்று தெரிந்த கண் வேண்டும். அக்கண் நம் பாட்டன்மாருக்கு இருந்தது. நம் மாணவருக்கு இல்லை.

இதில் வரலாற்றின் ஒரு முரணும் இருக்கிறது. மலைநாட்டின் காடுகளை அழித்தது கோப்பித் தோட்டம். பின்னர் தேயிலைத் தோட்டம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென்று கொண்டது. அந்நிலங்கள் தோட்டக்காரர் கைக்கு மாறின. 1869இற் கோப்பியை இலைநோய் தாக்கிய பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அந்த மலைகளை வெட்டித் திருத்தியவர் யார்? தமிழகத்திலிருந்து வந்த நம் தொழிலாளரே. மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், வடபாதை எனப்பட்ட வழியிற் கால்நடையாகவே மாத்தளைக்குச் சென்றனர். தம்புள்ளை அப்பாதையிலேதான் இருக்கிறது. நீரின்றியும் கொள்ளைநோயாலும் வழியிலே மடிந்தவர் பலர். அவர்களுக்குக் காடு என்பது அழகன்று, அச்சம். அந்தத் தேயிலைத் துறையிலிருந்து வந்த ஒருவர், அந்தப் பாதைக்கு அருகிலேயே ஒரு காட்டை மீள வளரவிட்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு சோலையால் ஒரு மலைநாட்டின் கணக்குத் தீராது. ஆயினும் வெட்டிய கைக்கு வளர்க்கவும் தெரியும் என்பதற்கு இது ஒரு சான்று.

சோலைக்குள்ளே நாங்கள் கண்ட மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரில்லாமல் மரத்தை நேசிக்க முடியாது. பாலை நின்றது. அதன் பழம் மஞ்சள் நிறமாய்ப் பழுக்கும் காலத்தில் வன்னிப் பிள்ளைகளும் கரடிகளும் ஒரே மரத்துக்குப் போட்டியிடுவதுண்டு. வீரை, தன் அடிமரம் முறுக்கேறிப் பள்ளமும் மேடுமாக நின்றது. முதிரையின் இலையைக் கசக்கி முகரச் சொன்னேன். அந்த மணம் மாணவர் கைகளில் நெடுநேரம் இருந்தது. முதிரைக் கட்டிலும் முதிரைக் கதவும் நம் வீடுகளில் இன்னும் உள. அந்தப் பிள்ளைகளுட் பலர் முதிரைப் பலகையிலே உறங்கி எழுபவர். முதிரை மரத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். கருங்காலி நின்றது. அதன் கருமையெல்லாம் உட்புறத்து வைரத்திலேயே இருக்கிறது. வெளிப்புறத்து மரம் வெளிறியது. அந்தக் கருமை திரள நெடுங்காலம் செல்லும்.

சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சவண்டலை மரத்தையும் கண்டோம். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர்களில் ஒன்று 'திருகோணமலை மரம்' என்பது. திருகோணமலைத் துறையிலிருந்து அது சென்னைக்கு ஏற்றுமதியாயிற்று. துறைமுகம் இல்லாதிருந்த சென்னைக் கரையில், அலையைக் கடந்து ஆளையும் பொருளையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளைக் கட்ட அதனைப் பயன்படுத்தினர். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மரத்தை நம் பாடநூல்களிலே தேடினாற் காண்பது அரிது. இதனை வரலாற்று ஆசிரியரும் தாவரவியல் ஆசிரியரும் சேர்ந்து கற்பிக்கலாம். ஒரு மரத்தில் இரு பாடமும் இருக்கின்றன.

பொழுது சாய்ந்த பின்னும் சிறிது நேரம் நின்றோம். வழிகாட்டியவர் சிவப்புத் துணி கட்டிய மின்விளக்கு ஒன்றைக் கிளைகளின் மேல் மெல்லச் செலுத்தினார். இரண்டு சிறு தணற்புள்ளிகள் ஒளிர்ந்தன. தேவாங்கு. அது அசையாமல் எங்களைப் பார்த்தது. பின்னர் ஒரு கிளையை விட்டு மறு கிளையைப் பற்றி, அவசரமின்றி அப்பாற் சென்றது. இரவெல்லாம் பூச்சிகளைத் தேடியுண்ணும் அந்தப் பிராணி மரத்தைவிட்டு நிலத்தில் இறங்க விரும்புவதில்லை. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடத்திலேதான் அதற்கு வாழ்வு. நாம் பத்தடிக்கு ஒன்றாக நடும் கன்றுகள் வேலியோரத்துக்கு நிழல் தரும், தேவாங்குக்கு வழியாகா. முளைத்து நெருங்கிய சோலைதான் அதற்கு வீதி. தேவாங்கு அங்கே வந்து வாழ்வது, அந்தச் சோலை காடாகிவிட்டது என்பதற்குக் காடே வழங்கிய சான்றிதழ்.

இனி, இதற்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம்.

முப்பத்தாறு ஏக்கரால் என்ன ஆகும் என்பது முதல் மறுப்பு. உண்மையே, யானைக்கு அது ஒரு நாட் பொழுதுக்கும் போதாது. ஆனாற் சிறிய காட்டின் பயன் அதன் பரப்பில் மட்டும் இல்லை. அயலிலுள்ள நிலங்களுக்கு அது ஒரு விதைக்களஞ்சியம். பாலைப்பழம் தின்ற பறவை எங்கே எச்சமிடுகிறதோ அங்கே நாளைய பாலை நிற்கும். தாய்மரம் ஒன்றுமே இல்லாத வெளியிலே முளைப்பதற்கு விதை எங்கிருந்து வரும்? ஊருக்கு ஒரு சிறு காடு எஞ்சியிருந்தால் அந்த ஊருக்குத் திரும்பும் வழி இருக்கிறது. அதுவும் அழிந்த ஊருக்கு நாற்றுமேடையே கதி.

காடு வளர்ப்பு என்னும் பெயரில் அரசாங்கமும் நெடுங்காலமாக மரம் நட்டு வருகிறதே என்பது இரண்டாவது மறுப்பு. வரண்ட வலயத்திலே தேக்கந் தோட்டங்கள் பல உள. தேக்கு நல்ல மரம்; வீட்டுக்கு வேண்டிய மரம். ஆனால் அது இந்நாட்டில் இயல்பாக வளர்ந்த மரமன்று, கொண்டுவந்து நடப்பட்டது. வரட்சியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு நிற்கும். உதிர்ந்த அகன்ற இலைகள் காய்ந்து தீக்கு விறகாகும். ஒரே வயதும் ஒரே இனமுமாக அணிவகுத்து நிற்கும் அந்த மரங்களைத் தேக்கந்தோப்பு என்று சொல்லுவோம். அதிற் குறையொன்றும் இல்லை. அதனைக் காடு என்று கணக்கிற் சேர்ப்பதே குறை. தோப்பும் காடும் வேறென்று அறிந்த தமிழர் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வது தகாது.

மூன்றாவது மறுப்பே மிக வலியது. அதனை நம் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்களே எழுப்புவர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர் பலர், தம் வயலிலும் வளவிலும் மரங்கள் அடர்ந்து நிற்பதைக் கண்டனர். அவ்வாறான நிலங்களிற் சில காடென எல்லையிடப்பட்டுவிட்டன என்ற முறைப்பாடுகள் பல இடங்களில் எழுந்தன. கிணற்றுக்கட்டும் வீட்டின் அத்திவாரமும் மரவேர்களுக்கிடையே தெரிய, இது காடு என்று சொல்லப்படுவதைக் கேட்டவரிடம் சென்று, "காட்டைத் தானே வளரவிடுங்கள்" என்று உபதேசிப்பது கொடுமையாகும். காடாகக் கிடப்பதெல்லாம் முடிக்குரியது என்ற 1840இன் எண்ணம் இன்னும் எங்கோ உயிரோடிருக்கிறது போலும்.

இதற்கு நான் சொல்லக்கூடியது இது. தானே முளைத்தது என்பது மண்ணின் ஆற்றலுக்குச் சான்று. நிலத்தின் உரிமைக்குச் சான்றன்று. உழுதவன் துரத்தப்பட்ட காலத்தில் முளைத்த மரம் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது. பொப்பம் தமக்குரிய நிலத்தில், தம் விருப்பத்தோடு, தம் பொருளைச் செலவிட்டே அதனைச் செய்தார். விருப்பம் இல்லாத இடத்தில் வளரும் காட்டைச் சூழ உள்ளவர்கள் பகையென்றே நினைப்பர். பகையென்று நினைத்ததை ஒருநாள் எரிப்பர். ஆகவே காட்டை வளரவிடுதல் என்பது மக்களை விலக்கிவைக்கும் கொள்கையாக இருத்தலாகாது. மக்கள் தாமே தம் ஊரிலே ஒரு மூலையைத் தெரிந்து, இது வளரட்டும் என்று விட்டுக்கொடுக்கும் கொள்கையாக இருக்க வேண்டும். கோயில் வளவுகளிலும் குளக்கரைகளிலும் நம் முன்னோர் அவ்வாறு விட்டுவைத்த மரக்கூட்டங்கள் இன்னும் சில ஊர்களில் நிற்கின்றன. அவற்றைக் காத்தது அச்சமும் பக்தியும் மட்டுமல்ல. இவை நம்முடையவை என்ற எண்ணமுமே.

வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்திலே நீரையும் நிலத்தையும் மலையையும் எண்ணியவர், நிழல் பொருந்திய காட்டையும் அவற்றோடு சேர்த்தே எண்ணினார். பகைவர் படையிலிருந்து நாட்டைக் காப்பது பற்றிய பேச்சு அது. இன்று வெம்மையும் வரட்சியுமே நம்மை முற்றுகையிடும் படைகள். காடு அரணென்ற கருத்து முன்னிலும் இன்று பொருளுடையது.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பெருஞ்செலவு வேண்டாம், விழா வேண்டாம். உங்கள் பாடசாலை வளவிலே ஒரு மூலையைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பரப்புப் போதும்; ஒரு பரப்பும் போதும். அங்கே குப்பை எரிப்பதையும் புற்செதுக்குவதையும் நிறுத்துங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் மாணவரை அழைத்துச் சென்று, குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வேம்பு முளைத்திருக்கும், ஆலோ அரசோ எங்கேனும் தலைநீட்டியிருக்கும், காட்டோரப் பாடசாலையாயின் வீரையும் பாலையும்கூட இருக்கலாம். ஊரிலுள்ள முதியவர் ஒருவரை அழைத்து அவற்றின் பெயர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் அருகே ஒரு தடி நட்டு, ஒரு கொப்பியிலே பெயரும் உயரமும் நாளும் எழுதச் செய்யுங்கள். உண்ணியையும் கினியாப்புல்லையும் மட்டும் களையுங்கள். ஒரு வகுப்புக் கலைந்து போகும்போது அந்தக் கொப்பியை அடுத்த வகுப்பிடம் கொடுத்துச் செல்லட்டும். ஒன்றுமே முளைக்காத இடமாயின், அப்போது நடுங்கள், மழைக்காலத்தில் நடுங்கள், அயலிலுள்ள காட்டு மரத்தின் விதையையே நடுங்கள்.

மாணவருக்கும் ஒன்று சொல்வேன். இதிற் புகைப்படத்துக்கு ஏற்ற நாள் ஒன்றும் வராது. முதலாண்டிற் கன்று கணுக்காலளவு நிற்கும். நீங்கள் பாடசாலையைவிட்டுப் போகும் ஆண்டில் ஒருவேளை உங்கள் தலைக்குமேல் நிற்கலாம். அதன் நிழலில் இருந்து படிப்பவர் உங்கள் பெயரை அறியமாட்டார். எழுத்துத் துறையில் உள்ள நம்மவர்க்கும் இது புதிதன்று. நம் ஏட்டுச் சுவடிகளைக் கறையான் வாயிலிருந்து காத்துப் படியெடுத்துவைத்த பலரின் பெயரை நாம் அறியோம். அவர்கள் எழுதிய நூல் ஒன்றும் இல்லை. அவர்கள் அழிய விடாமையாலே நமக்கு நூல்கள் இருக்கின்றன.

தம்புள்ளைச் சோலை தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கைவிடப்பட்ட ஒரு சேனை நிலம், ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளேயே காடாக மீண்டதென்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி. அந்த நம்பிக்கைக்குக் கொடுக்க வேண்டிய விலை பொறுமையும், கன்றையும் களையையும் பிரித்தறியும் கண்ணுமே. அவ்விரண்டையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவன்றோ பாடசாலை இருக்கிறது? வரும் ஐப்பசியில், மண்வெட்டியை எடுக்குமுன், ஒரு முறை குனிந்து பார்ப்போம்.